நெடுவழி வரைபடங்களும் ஊர்ப்பெயர்களும்: தோற்சுருள் முதல் மின்தாள் வரை

1. முன்னுரை

கால்வாய், இரயில் பாதை, நெடுஞ்சாலை, எரிவாயுக் குழாய்வழி முதலியன ஏனைய கட்டுமானங்களினின்று ஒரு பண்பால் வேறுபடுவன. அவற்றின் நீளம் அகலத்தைக் காட்டிலும் பல ஆயிரம் மடங்கு பெரிது. ஒரு கோயிலின் தரைப்படத்தை ஒரே தாளில் அடக்கலாம். ஓர் அணைக்குச் சில தாள்கள் போதும். ஆனால் 277 கிலோமீட்டர் நீளமான சாலையொன்றை 1:2500 என்ற அளவுத்திட்டத்தில் வரைவோமாயின் அப்படம் ஏறத்தாழ 111 மீட்டர் நீளம் கொள்ளும். அதில் சாலையின் அகலமோ சில சென்டிமீட்டரைத் தாண்டாது. இத்தகைய கட்டுமானங்களை 'நெடுவழி' என்ற பொதுச்சொல்லால் இக்கட்டுரை குறிக்கின்றது.

நெடுவழியைத் தாளில் அடக்க முயன்ற ஒவ்வொரு காலத்தவரும் இரண்டு வினாக்களை எதிர்கொண்டனர். துண்டுகளாக வரையப்பட்ட வழியை மீண்டும் எவ்வாறு ஒன்றாக்கிப் படிப்பது என்பது முதலாவது. அவ்வழி கடந்து செல்லும் ஊர்களையும் நிலங்களையும் எவ்வாறு பெயரிட்டு இனங்காண்பது என்பது இரண்டாவது. இன்று நெடுவழி வரைபடங்கள் பெரும்பாலும் பெரிய அளவிலான பிடிஎஃப் கோப்புகளாகவே ஆக்கப்படுகின்றன. முதல் வினாவுக்கு இம்மின்தாள் பெருமளவு விடை கண்டுவிட்டது. இரண்டாம் வினாவோ, தமிழ் நிலத்தைப் பொறுத்தவரை, முன்னினும் சிக்கலாகியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவும் பொருட்டு வரைவுமுறையின் வரலாறு சுருக்கமாகவும், மொன்றியல் நகரத்தின் பட்டறிவும் தமிழ் நிலத்தின் சான்றுகளும் சற்று விரிவாகவும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

2. தோற்சுருளும் செப்பேடும்

தமிழாய்வாளர் நன்கறிந்த இரண்டு ஆவணங்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

முதலாவது, வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் பேணப்படும் பொய்ட்டிங்கர் வரைபடம். உரோமப் பேரரசின் சாலைகளைக் காட்டும் மூலமொன்றினின்று இடைக்காலத்தில் படியெடுக்கப்பட்ட இது, ஏறத்தாழ 6.75 மீட்டர் நீளமும் 34 சென்டிமீட்டர் உயரமும் உடைய தோற்சுருளாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புக் கருதித் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதன் கீழைக் கோடியில் முசிறித் துறைமுகமும் அதனருகே அகஸ்டஸ் கோயிலும் குறிக்கப்பட்டிருத்தலைச் சங்ககால வாணிகம் பற்றி எழுதியோர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். சுருளுக்குள் அடங்குவதற்காக நிலத்தின் வடிவம் பெரிதும் நசுக்கப்பட்டுள்ளது, திசைகள் பிறழ்ந்துள்ளன, கடல்கள் கால்வாய்போல் ஒடுங்கியுள்ளன. ஆயினும் அது நமக்கு இன்றும் பயன்படுகின்றது. காரணம், ஊர்ப்பெயர்கள் எஞ்சியமை. வடிவம் பிழைபட்டாலும் பெயர் நிலைக்குமாயின் ஆவணம் பேசும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது, ஆனைமங்கலம் செப்பேடுகள் என்றும் வழங்கப்பெறும் பெரிய லெய்டன் செப்பேடுகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலம் என்னும் ஊரின் எல்லைகளை அவை விரித்துரைக்கின்றன. பிடியானையை எல்லை நெடுகிலும் நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அவ்வெல்லை தொட்டுச் செல்லும் ஊர், வாய்க்கால், வயல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்வது சோழர் காலத்து ஆவண மரபு. கோடொன்று நிலத்தின்மீது செல்லும் வழியைப் பெயர்களாலேயே காட்டும் மரபு இது. ஆதலின் இதனைச் சொல்லால் வரையப்பட்ட நெடுவழிப் படம் எனலாம். 21 ஏடுகளும் முத்திரையிட்ட வளையத்தாற் பிணைக்கப்பட்டுள்ளன. வளையம் ஏடுகளின் ஒருமைக்குக் காப்பு. முத்திரை அதன் மெய்ம்மைக்குக் காப்பு.

மேலை மரபு வடிவத்தையும் தமிழ் மரபு பெயரையும் மட்டுமே போற்றின என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் தவறாகும். இரு ஆவணங்களிலும் பெயரே உயிர்நாடியாக விளங்குகின்றது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

3. துண்டாக்குதலும் இணைத்தலும்

ஜான் ஓகில்பி 1675இல் வெளியிட்ட 'பிரிட்டானியா' என்னும் தொகுதி, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் சாலைகளை 100 தாள்களில் நீள்பட்டைகளாகத் தந்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது அதன் அளவுத்திட்டம். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே திசைகாட்டி வரையப்பட்டது. சாலை வளையுந்தோறும் தாளை வளைக்க இயலாது. ஆதலின் தாளின்மேல் வடதிசையே பட்டைக்குப் பட்டை மாற்றிக் காட்டப்பட்டது. இன்றைய நெடுவழி வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் வடக்கு அம்புக்குறி வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பது இதே தீர்வின் தொடர்ச்சியாகும்.

கால்வாய்களும் இரயில் பாதைகளும் பெருகியபோது மூன்று மரபுகள் நிலைபெற்றன.

முதலாவது, கிடைப்படமும் நெடுக்குவெட்டும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அமைதல். கிடைப்படம் வழி எங்கே செல்கின்றது என்பதைக் காட்டும். நெடுக்குவெட்டு அது எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பதைக் காட்டும். நெடுக்குவெட்டில் உயரத்தை மிகைப்படுத்தி வரைதல் இன்றியமையாதது. நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 1 கிலோமீட்டர் தொலைவுக்கு 10 மீட்டர் உயரம் கூடும். 1:2500 அளவில் அத்தொலைவு 40 சென்டிமீட்டராகவும் உயரம் வெறும் 4 மில்லிமீட்டராகவும் அமையும். உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கினாலன்றி மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, தொடர்தூர எண். வழியின் தொடக்கத்தைச் சுழியமாகக் கொண்டு ஒவ்வோர் இடத்துக்கும் அங்கிருந்து அளந்த தூரத்தையே முகவரியாக இடுவது. நில அளவைச் சங்கிலியால் அளந்த காலத்தில் தோன்றியமையால் இன்றும் பொறியாளர் இதனைச் 'செயினேஜ்' என்றே வழங்குகின்றனர். கன்டர் சங்கிலி 66 அடி. 80 சங்கிலி ஒரு மைல். பொறியாளர் சங்கிலியோ 100 அடி.

மூன்றாவது, இணைகோடு. ஒரு தாள் முடியும் இடத்தில் ஒரு கோடு வரைந்து, அதன் தொடர்தூர எண்ணையும் அடுத்த தாளின் எண்ணையும் குறிப்பர். செப்பேட்டின் வளையமும் ஓலைச்சுவடியின் கயிறும் செய்த பணியை இணைகோடும் சுட்டுத்தாளும் ஏற்றுக்கொண்டன எனலாம்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது வரைபடம் அன்று, ஏடு. பிரித்தானிய நாடாளுமன்றம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கால்வாய்களுக்கும், பின்னர் இரயில் பாதைகளுக்கும் இசைவு வேண்டுவோர் கிடைப்படத்தையும் நெடுக்குவெட்டையும் முன்கூட்டியே ஒப்படைக்குமாறு பணித்தது. அவற்றுடன் நிலச்சுட்டேடு ஒன்றும் வைக்கப்பட வேண்டும். வழியில் அகப்படும் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் படத்தில் ஓர் எண். ஏட்டில் அவ்வெண்ணுக்கு நேரே உரிமையாளர், குத்தகையாளர், குடியிருப்போர் ஆகியோரின் பெயர்கள். இதனால் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிற்றூரொன்றின் வரலாற்றை எழுதுவோருக்கு, கட்டப்படாமற்போன இரயில் பாதையின் வரைபடங்கூடச் சிறந்த மூலமாக உதவுகின்றது. படமும் பெயரேடும் இணைபிரியாதிருந்தமையே அதன் காரணம்.

4. மொன்றியல் காட்டும் பட்டறிவு

மொன்றியல் நெடுவழிகளால் உருவான நகரம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் லஷீன் விரைவோட்டத்தைக் கப்பல்கள் கடக்க இயலாமையால் 1825இல் லஷீன் கால்வாய் திறக்கப்பட்டது. அந்நூற்றாண்டில் இருமுறை அகலமாக்கப்பட்டது. ஆற்றின் குறுக்கே அமைந்த விக்டோரியா பாலம் 1859இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தை நடத்திய ஜேம்ஸ் ஹாட்ஜஸ் 1860இல் பெரிய வரைபடத் தாள்களுடன் கூடிய தொகுதியொன்றை வெளியிட்டார். 1890களின் இறுதியில் அப்பாலத்தின் இரும்புக் குழாய் அமைப்பு நீக்கப்பட்டு, பழைய தூண்களின்மீதே புதிய சட்டகம் ஏற்றப்பட்டது. மேற்கட்டுமானம் மாறினும் அடித்தூண் நிலைப்பதால், கட்டி முடித்த பணியின் வரைபடம் தன் முதற்பயன் தீர்ந்த பின்னரும் நெடுங்காலம் வேண்டப்படுவதாகின்றது.

வரைபடம் சொல்லாமல் விடுவதற்கும் மொன்றியலில் ஒரு சான்று உண்டு. மவுண்ட் ராயல் குன்றின் அடியிற் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமான சுரங்கப்பாதை 1918இல் இரயில் போக்குவரத்துக்கு வந்தது. 67 கிலோமீட்டர் நீளமும் 26 நிலையங்களும் கொண்ட புதிய பெருநகர விரைவு இரயில் அமைப்புக்காக அச்சுரங்கத்தைச் சீரமைத்தபோது, 2020இல், நூறாண்டுக்கு முன் பாறையைத் தகர்க்கப் பயன்படுத்திய வெடிபொருளின் எச்சம் எதிர்பாராது வெடித்தது. பணி தாமதமாயிற்று. சுரங்கத்தின் கோடும் சரிவும் வளைவும் வரைபடத்துக்கு உரியவை. எங்கே வெடிக்காத எச்சம் தங்கிற்று என்பது தொழிலாளர் அறிவுக்கு உரியது. அது தாளில் ஏறுவதில்லை.

நில உரிமையிலும் இத்தகைய இடைவெளி உண்டு. 1959இல் திறக்கப்பட்ட செயின்ட் லாரன்ஸ் கடல்வழிக்காக மொன்றியலின் எதிர்க்கரையிலுள்ள கானவாகே மோகாக் மக்களின் ஆற்றங்கரை நிலம் எடுக்கப்பட்டது. ஆற்றோடு வாழ்ந்த ஊர் ஆற்றினின்று பிரிக்கப்பட்டது. பொறியியல் வரைபடத்தில் அது கரையோர நிலப்பட்டை; அம்மக்களுக்கோ ஊரின் முகப்பு.

இந்நகரத்திலிருந்து தமிழர் கற்கத்தக்க பிறிதொன்றும் உண்டு. கியூபெக் மாகாணம் 1977இல் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றியது. அதன்கீழ் இடப்பெயர் ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. ஆணையம் ஏற்று அரசிதழில் வெளியிட்ட பெயர்வடிவத்தையே அரசு நிருவாகத்தின் ஆவணங்களிலும் சாலைப் பலகைகளிலும் பாடநூல்களிலும் ஆளவேண்டும் என்பது சட்டம். மொழிச்சட்டத்தைப் பற்றிய அரசியல் விவாதங்கள் எவ்வாறாயினும், ஓர் ஊரின் பெயர் எழுத்துப்பிறழாது எல்லா ஆவணங்களிலும் ஒரே வடிவில் வருவதால் விளையும் நன்மையை நூலகத்தாரும் வரலாற்றாய்வாளரும் நன்குணர்வர். ஒரு பெயரைத் தேடினால் அதற்குரிய ஆவணங்கள் யாவும் ஒருங்கே கிடைக்கின்றன.

5. தமிழ் நிலத்தின் நெடுவழிகள்

சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் வழி வந்த நெடுவழி வரைபட மரபு, அங்கு வேரூன்றிய வருவாய்த்துறை நில அளவை மரபோடு எதிர்ப்பட்டது. இரண்டும் வேறுபட்ட நோக்குடையன. நில அளவைத்துறையின் புலப்படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியே வரையப்படுவது. ஊரே அதன் அலகு. பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு ஆகிய ஏடுகள் புலப்படத்தோடு பிணைந்தவை. அவை தமிழில் எழுதப்படுபவை. நெடுவழி வரைபடத்தின் அலகோ தொடர்தூர எண். அதன் மொழி ஆங்கிலம். முன்னையது நிலத்தை உழுபவனின் பக்கம் நின்று பார்ப்பது. பின்னையது வழியில் விரைபவனின் பக்கம் நின்று பார்ப்பது. இரண்டையும் இணைப்பது நிலமெடுப்பு அட்டவணை ஒன்றே. இன்ன தொடர்தூரம் முதல் இன்ன தொடர்தூரம் வரை இன்ன ஊரின் இன்ன புல எண்கள் என்று அது கூறும். அவ்வட்டவணை தொலையுமாயின் இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியா.

பக்கிங்காம் கால்வாய் 1806இல் சென்னைக்கு வடக்கே ஒரு சிறு கால்வாயாகத் தொடங்கியது. பின்னர் வடக்கும் தெற்குமாக நீட்டப்பட்டு, 1876-78 பஞ்சகால நிவாரணப் பணியால் இணைப்புப் பெற்று, 1878இல் ஆளுநர் பெயரைத் தாங்கியது. பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். சென்னை நகருக்குள் அதன் படுகையிலேயே பறக்கும் இரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. ஒரு நெடுவழியின் நிலம் மற்றொரு நெடுவழிக்கு எளிதிற் கிடைக்கும் நிலமாகக் கருதப்படுவதற்கு இது சான்று. கரையோரக் குடியிருப்புகளும் நீர்வழியும் என்னவாயின என்பதை ஆராய வேண்டுவோர் இரு வரைபடத் தொகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பெயர்களும் அளவுகளும் இன்றி அது கைகூடாது.

பாம்பன் இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் வழியே தனுஷ்கோடி வரை சென்ற பாதையின் இறுதிப்பகுதி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. பழைய பாலத்துக்கு அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இதே நீரிணையின் மறுபக்கத்திலும் அழிந்து மீண்ட ஒரு பாதை உண்டு. இலங்கையின் வடபுல இரயில் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. 1990இல் போர் காரணமாகப் போக்குவரத்து நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காலப்போக்கில் அகற்றப்பட்டன. அவற்றிற் பல பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. இந்தியக் கடனுதவியோடு பாதை மீளக் கட்டப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் இரயில் ஓடத் தொடங்கியது.

இருபத்துநான்கு ஆண்டுகள் தண்டவாளமின்றிக் கிடந்த வழியை நிலத்தில் இனங்காட்டுவன எவை? மண் அணை, மதகு, நிலையங்களின் இடிபாடு, இவற்றோடு வரைபடமும் காணி உறுதிகளும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதி, செப்பேட்டு மரபின் தொலைதூர வாரிசு எனத்தக்கது. காணிக்குப் பெயர் உண்டு. பரப்பும் குழியும் கூறப்படும். நாற்றிசை எல்லையும் அயற்காணி உரிமையாளர் பெயரால் சொல்லப்படும். பாதையை ஒட்டிய காணிகளுக்கு இரயில் பாதையே ஓர் எல்லை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். அவர்தம் காணிகளிற் பல உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, போர் முடிந்தபின் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. வேலியும் கிணறும் மரமும் அழிந்த நிலத்தில் தன் எல்லையைத் தேடுபவருக்கு இரயில் பாதையின் மையக்கோடு ஓர் உறுதியான அடிப்படை. அந்தக் கோட்டின் வரைபடத்தை அவர் தம் ஊர்ப்பெயரால் தேடிக் கண்டடைய இயலுமா என்பதே வினா.

இங்கேதான் பெயரின் சிக்கல் வெளிப்படுகின்றது. ஆனையிறவு ஆங்கிலப் படத்தில் 'எலிபன்ட் பாஸ்'. பருத்தித்துறை 'பாயின்ட் பெட்ரோ'. தெல்லிப்பழையின் உரோமன் எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கு மேற்பட்டது. தமிழ்நாட்டிலும் நிலைமை இதுவே. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இசைய மாற்றி ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் முறை பற்றிக் குறைகள் எழவே, அதே மாதத்தில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. உரோமன் வடிவம் ஆட்சிக்கு ஆட்சி, துறைக்குத் துறை மாறும். தமிழ் எழுத்திலுள்ள வடிவமே ஒப்பீட்டளவில் நிலையானது. ஆவணத்தின் திறவுகோல் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டம் இதன் அண்மைய எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளமான அவ்வழி காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்களினூடே திட்டமிடப்பட்டது. 2018இல் நிலமெடுப்பு அறிவிக்கைகள் வெளிவந்தன. உழவர் எதிர்ப்பு எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8ஆம் நாள் நிலமெடுப்பு நடவடிக்கையை இரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 8ஆம் நாள் அறிவிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனினும், நில உரிமையாளர் பெயரிலிருந்து மாற்றப்பட்ட வருவாய்ப் பதிவுகளை மீண்டும் அவர்கள் பெயருக்கே கொணர வேண்டும் என்பதை ஏற்றது.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன்படி நிலமெடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும்போது நிலத்தைப் பற்றிய சுருக்கமான விவரம் தரப்படல் வேண்டும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், வெளியிடப்படல் வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். அறிவிக்கைக்கு வட்டார மொழி வேண்டுமென்று கூறும் சட்டம் வரைபடத்தின் மொழியைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே உழவர் தம் கையில் இருப்பது தமிழில் எழுதிய பட்டாவும் புல எண்ணும். திட்டத்தார் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய தொடர்தூர எண். 21 நாளுக்குள் இரண்டையும் பொருத்திப் பார்த்துத் தம் கிணறு கோட்டுக்கு உள்ளா வெளியா என்று அறிவது எளிய செயலன்று.

6. மின்தாள்: தீர்ந்ததும் தீராததும்

பிடிஎஃப் வடிவம் 1993இல் அறிமுகமாகி, 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. நெடுவழி வரைபடத்துக்கு அது தந்த வசதிகள் பல. கோடுகள் புள்ளிப்படமாகவன்றிக் கோடுகளாகவே சேமிக்கப்படுவதால் எவ்வளவு பெருக்கினும் மங்குவதில்லை. நில எல்லை, நீர்நிலை, மின்கம்பி முதலியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக்கி வேண்டியதை மட்டும் காட்டலாம். இணைகோட்டைத் தொட்டால் அடுத்த தாளுக்குச் செல்லுமாறு இணைப்பிடலாம்.

தாளின் நீளமும் ஒரு தடையாக இல்லை. 841 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ-1 தாளில் ஓரமும் தலைப்புக் கட்டமும் போக 75 சென்டிமீட்டர் வரைவுக்குக் கிடைப்பதாகக் கொண்டால், 1:2500 அளவில் ஒரு தாள் 1.875 கிலோமீட்டரைக் கொள்ளும். 277 கிலோமீட்டருக்கு 148 தாள்கள் வேண்டும். பிடிஎஃப் பக்கத்தின் உச்ச அளவு தொடக்கத்தில் 200 அங்குலம், அதாவது 5.08 மீட்டராக இருந்தது. அதே அளவுத்திட்டத்தில் அது 12.7 கிலோமீட்டரைத் தாங்கும். 1.6ஆம் பதிப்பில் பக்கத்தின் அலகையே பெருக்கிக்கொள்ளும் வசதி வந்தபின் உச்ச அளவு 381 கிலோமீட்டராயிற்று. சென்னை–சேலம் சாலையை அளவு குறைக்காமல், ஒன்றுக்கு ஒன்றாகவே, ஒரு பக்கத்தில் வரைய இவ்வளவு போதும். உருளைத்தாளில் அச்சிடும் பொறிகள் மிக நீண்ட பட்டைகளையும் அச்சிட்டுத் தருகின்றன. சுருளும் துண்டும் பற்றிய பழைய வழக்கு இத்துடன் தீர்ந்தது.

ஆயினும் பயன்பாட்டில் இரு குறைகள் எஞ்சுகின்றன. ஏ-1 தாளுக்கென வரைந்த படத்தை ஊராட்சி அலுவலகத்தின் சிறு அச்சுப்பொறியில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கி அச்சிடுங்கால், '1:2500' என்ற குறிப்பு அப்படியே நிற்கும், அளவோ பொய்த்துவிடும். அளவுகோற் பட்டையும் உடன் வரையப்பட்டிருப்பின், அது படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் உண்மை கெடாது. மற்றொரு குறை பெயர்களைப் பற்றியது. அதுவே நமக்கு முதன்மையானது.

பிடிஎஃப் கோப்பில் எழுத்து என்பது குறிப்பிட்ட இடத்தில் வைக்கப்படும் ஓர் உருவம். அவ்வுருவம் எந்த எழுத்தைக் குறிக்கின்றது என்பதை யூனிகோடு வாயிலாகச் சொல்லும் அட்டவணையொன்று உடன் இருந்தாலன்றித் தேடுதல் இயலாது. இதில் நான்கு வகையாகப் பெயர்கள் தொலைகின்றன.

முதலாவது, ஆட்டோகேட் முதலிய வரைவு மென்பொருள்களில் நெடுங்காலமாக வழங்கும் கோட்டு எழுத்துருக்கள். பேனா முனையுடைய பழைய வரைபொறிகளுக்காக ஆக்கப்பட்ட இவை பிடிஎஃப் ஆகும்போது பெரும்பாலும் வெறுங்கோடுகளாகவே பதிவாகும். கண்ணுக்கு ஊர்ப்பெயர், கணினிக்கு வேலிக்கோட்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டாவது, பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள். உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய இவற்றில் எழுதிய பெயரைப் படியெடுத்தால் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையே கிடைக்கும். மூன்றாவது, யூனிகோடு எழுத்துருவிலேயே எழுதினும் அட்டவணை செவ்வையாக அமையாத கோப்புகள். கொம்பும் காலும் மெய்யினின்று பிரிந்து, கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வெளிப்படும். 'கொடிகாமம்' எனத் தேடுபவருக்கு அது அகப்படாது. நான்காவது, பழைய தாள்களை ஒளிவருடி ஆக்கிய கோப்புகள். அவற்றில் எழுத்தே இல்லை. படம் மட்டுமே உண்டு.

தமிழ் எழுத்து 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட்'99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. எனவே குறை தமிழ்க் கணிமையின் இயலாமையால் அன்று. இலக்கியத்துக்கும் நாளிதழுக்கும் நாம் செய்துகொண்ட ஏற்பாடு பொறியியல் அலுவலகத்தின் வரைமேசையை எட்டவில்லை.

7. செய்யத்தக்கனவும் முடிவும்

மேற்கண்ட ஆய்வினின்று நான்கு பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

அ) தமிழ் வழங்கும் நிலத்தினூடே செல்லும் நெடுவழியின் வரைபடத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயரும் நீர்நிலைப் பெயரும் தமிழ் யூனிகோடில் எழுதப்படல் வேண்டும். நெடுநாட் பாதுகாப்புக்கான பிடிஎஃப்/ஏ தரத்தின் 'யு' நிலை, எழுத்துகள் யாவும் யூனிகோடோடு பொருந்தியிருத்தலை வற்புறுத்துகின்றது. அதனையே ஒப்படைப்புக்குரிய குறைந்த அளவு நிபந்தனையாகக் கொள்ளலாம்.

ஆ) வரைபடத்தோடு நிலச்சுட்டேடும் ஒரே தொகுதியாக வைக்கப்படல் வேண்டும். தொடர்தூர எண், ஊர், புல எண் ஆகிய மூன்றும் கொண்ட அட்டவணை போதும். இன்று வாழ்வோரின் பெயர்களை வெளியிடுவதில் தனியுரிமைத் தடை உண்டாயின் பெயர்களைப் பின்னர்த் திறக்கலாம். எண்களை மறைக்கக் காரணமில்லை.

இ) கைவிடப்பட்ட திட்டங்களின் வரைபடங்களும் காக்கப்படல் வேண்டும். 2005இல் தொடங்கிவைக்கப்பட்டு நின்றுபோன சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்துக்கு 1860 முதலே பல வழித்தடங்கள் முன்மொழியப்பட்டன. கட்டப்படாத வழியின் படமும் அக்காலத்துக் கடலையும் கரையையும் பற்றிய சான்றே.

ஈ) ஒரே இடத்தில் ஒரே படியாக எந்தத் தொகுதியும் வைக்கப்படலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. மின்கோப்பைப் படியெடுப்பதற்குச் செலவில்லை. எனவே தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள ஆய்வு நூலகங்கள் இப்படிகளைப் பகிர்ந்து பேணுதல் இயலும். இம்மாநாட்டில் பங்குகொள்ளும் நூலகங்களே இதனைத் தொடங்கலாம்.

நெடுவழி வரைபடத்தைப் பொறியாளரின் தொழிற்கருவி என்று மட்டும் தமிழியல் இதுவரை கருதி வந்துள்ளது. அது கடந்து செல்லும் ஒவ்வோர் ஊரையும் குறிப்பிட்ட ஒரு நாளில் அளந்து எழுதிய ஆவணம் அது. குளம், கிணறு, கோயில், சுடுகாடு, ஒற்றையடிப்பாதை ஆகியன ஊருக்குள் இருப்போர் எழுதிவைக்காதவை. வழி அமைக்க வந்தவர் அளந்து குறித்தவை. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் அளித்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் இவற்றுக்கு அளிப்போமாயின், 20, 21ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் நிலவரலாறு வலுவான சான்றுகளோடு எழுதப்படும். அதற்கு முதல் நிபந்தனை, ஓர் ஊரார் தம் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதித் தேடும்போது அவ்வூரின் தாள் அவர்முன் வருதல் ஆகும்.